பிளியோமைசின் ஜி-டி வரிசையில் வெட்டுகிறது என்றால், நல்ல செல்லில் அந்த எழுத்துகள் இல்லையா?

முல்லை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். என் தம்பிக்கு 26 வயது. விரையில் ஜெர்ம் செல் கட்டி (விந்தணுவை உண்டாக்கும் செல்லில் தொடங்கும் புற்று) வந்து, அறுவை முடிந்து, இப்போது பி.இ.பி. சிகிச்சை நடக்கிறது. பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் என்று மூன்று மருந்து. மொத்தம் மூன்று சுற்று என்று சொல்லியிருக்கிறார்கள், இது இரண்டாவது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஐந்து நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை டிரிப் ஏறும். அப்புறம் வாரம் ஒருமுறை போய்ப் பிளியோமைசின் மட்டும் போட்டுக்கொண்டு வருவான். எங்கள் வீட்டில் அதற்குச் 'சின்ன ஊசி' என்று பெயர் வந்துவிட்டது.

போன வாரம் சின்ன ஊசி போட்ட ராத்திரி அவனுக்குக் குளிர்காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வராமல் ஃபோனில் அந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 'டி.என்.ஏ.வை ஜி-டி, ஜி-சி என்ற வரிசைகளில் விரும்பி வெட்டும்' என்று ஒரு வரி இருந்தது. டி.என்.ஏ. என்பது ஏ, ஜி, சி, டி என்ற நாலே எழுத்தால் ஆன வரிசைதானே, அதிலேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வகுப்பில் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் நடத்தியிருந்தேன். ஈக்கோ ஆர் ஒன் என்சைம் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்தைப் பார்த்தால்தான் வெட்டும். ஆறு எழுத்து அதே வரிசையில் தற்செயலாக வர 4096-க்கு ஒரு வாய்ப்பு. பிள்ளைகளைக் கொண்டே கரும்பலகையில் நாலை ஆறு தடவை பெருக்க வைத்தேன். அதே கணக்கை ஜி-டி-க்குப் போட்டால் 16-க்கு ஒன்று. ஜி-சி-யையும் சேர்த்தால் 8-க்கு ஒன்று! எட்டு எழுத்துக்கு ஓர் இடம் வெட்டினால் ஒரு மனிதனின் டி.என்.ஏ.வில் என்ன மிஞ்சும்? புற்றுநோய் செல்லில் இருக்கும் ஜி-டி நல்ல செல்லிலும் அதே இடத்தில்தானே இருக்கிறது? எதை வைத்து இந்த மருந்து இது கெட்டது, இது நல்லது என்று பிரிக்கிறது?

தம்பியும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்டான். "அக்கா, இது என்னையும் சேர்த்துத்தானே வெட்டுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவமனையில் கேட்டேன். இதெல்லாம் படிக்காதீங்க, பயம்தான் வரும் என்றார்கள். எனக்குத் தெரியாமல் இருப்பதில்தான் பயம். யாராவது தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?


பழைய ஜெல்காரர்:

டீச்சர், உங்கள் கணக்கு சரி. அதை ஈக்கோ ஆர் ஒன்னோடு பொருத்தின இடத்தில்தான் சிக்கல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1991-லிருந்து ஏழு வருடம் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இதே வேலை. டி.என்.ஏ.வோடு மருந்தைக் கலந்து, எந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது என்று ஜெல் ஓட்டிப் பார்ப்பேன். நான் அதிகம் பழகிய மருந்து பிளியோமைசின்.

'விரும்பி வெட்டும்' என்று எழுதுகிறார்களே, அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வரிசை முன்பே தெரிந்த ஒரு டி.என்.ஏ. துண்டை எடுத்துக்கொள்வோம். இருநூறு எழுத்து நீளம் இருக்கும். அதன் ஒரு முனையில் மட்டும் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஒட்டுவோம். அதன் அரை ஆயுள் 14 நாள்தான் என்பதால், சரக்கு வந்து இறங்கியதும் வீட்டில் சொல்லிவிட்டு ஆய்வகத்திலேயே கிடப்போம். மருந்தை மிகக் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும், ஒரு துண்டில் ஒரு வெட்டுக்கு மேல் விழக்கூடாது. இந்த மருந்து வெட்ட இரும்பு வேண்டும், அதைத் தரும் ஃபெரஸ் உப்பை அந்த நிமிடத்தில்தான் கரைக்க வேண்டும், காற்றுப் பட்டு நின்றால் கெட்டுப்போகும். பிறகு அதை 40 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடிகளுக்கு நடுவில் ஊற்றிய ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுவோம். ஜெல்லின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இராது. சிறிய துண்டு வேகமாக இறங்கும், பெரியது மேலே தங்கும். எக்ஸ்-ரே ஃபிலிமை மேலே வைத்து ராத்திரி முழுக்க மைனஸ் 70 ஃப்ரீசரில் விட்டுவிட்டு, காலையில் இருட்டறையில் கழுவினால் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள் எழும்பி வரும். ஒவ்வொரு கோடும் ஒரு வெட்டு. பக்கத்தில் மாக்ஸம்-கில்பர்ட் முறையில் வெட்டின அதே டி.என்.ஏ.வை ஓட்டியிருப்போம், எந்தக் கோடு எந்த எழுத்து என்று அதை வைத்துப் படிக்கலாம்.

நான் கழுவி எடுத்த முதல் பிளியோமைசின் ஃபிலிம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜி-டி வரும் இடங்களில் கோடு. ஜி-சி-யிலும் கோடு. ஆனால் எல்லாம் ஒரே கறுப்பு இல்லை. ஒரு ஜி-டி மையைக் கொட்டினது போல இருக்கும், நாலு எழுத்து தள்ளி இன்னொரு ஜி-டி வெறும் நிழலாக இருக்கும். ஜி-ஏ-விலும் ஏ-டி-யிலும்கூட அங்கங்கே மங்கலாகக் கோடு. ஈக்கோ ஆர் ஒன்னை அப்படி ஓட்டினால் அந்த ஆறு எழுத்து இருக்கும் இடத்தில் ஒரே கோடு விழும், இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. பிளியோமைசினுக்கு அப்படி இடம் கிடையாது டீச்சர். அதற்கு இருப்பது சாய்வு. நூறு வெட்டு விழுந்தால் அதில் எத்தனை எங்கே விழும் என்ற சாய்வு. 'எட்டு எழுத்துக்கு ஒரு வெட்டு' என்பது அது வெட்டக்கூடிய இடங்களின் எண்ணிக்கை, வெட்டுகிற எண்ணிக்கை ஆகாது.

எத்தனை மூலக்கூறு உள்ளே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிளியோமைசின் பெரிய மூலக்கூறு, எடை 1400-க்கு மேல், மின்னேற்றம் வேறு உண்டு. செல்லின் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே நுழையாது. வாய்ப்புள்ள இடங்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும் வந்து வெட்டுகிற கத்திகள் கொஞ்சம்தான்.

சரி, ஏன் ஜி? ஏன் அதற்கு அடுத்த டி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்த மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் டி.என்.ஏ.வின் இரண்டு படிகளுக்கு நடுவில் செருகிக்கொள்ளும். தலையில் இரும்பு அணு, அந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். தலை போய் உட்காருவது இரட்டைச் சுருளின் குறுகலான பள்ளத்தில். அந்தப் பள்ளத்துக்குள் ஓர் அமினோ தொகுதியை நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்து குவானைன், அதாவது ஜி, ஒன்றுதான். தலை அதை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஆக்சிஜன் போய் நிற்கும் இடம் ஜி-க்கு அடுத்த எழுத்தை இழையில் தாங்கி நிற்கும் சர்க்கரை. அந்தச் சர்க்கரையின் நான்காவது கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடும். சர்க்கரை உடையும், இழை அறும். அடுத்த எழுத்து டி, சி போலச் சின்னதாக இருந்தால் இந்தத் தலைக்கு வசதி. அமினோ தொகுதி இல்லாத இனோசினை ஜி-யின் இடத்தில் வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள், வெட்டு வெகுவாகக் குறைந்துபோகிறது.

ஓடுகிற பஸ்ஸில் நிற்கிறவர் கைக்கு எட்டின கம்பியைப் பிடிப்பார். அந்தக் கம்பிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்துப் பிடிக்க மாட்டார். பிளியோமைசினும் ஜி-யை அப்படித்தான் பிடிக்கிறது. அங்கே ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்து எந்த ஜீனில் இருக்கிறது, எந்தச் செல்லில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் சந்தேகம் அந்த அளவில் முழுக்க நியாயம். புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் வேலையை இந்த வரிசை விருப்பம் செய்யவே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஃபிலிமில் அந்தக் கோடுகள் மாக்ஸம்-கில்பர்ட்டின் டி கோட்டுக்கு நேராக வரவில்லை, மயிரிழை கீழே இருந்தன. என் ஜெல் கோணலாக ஓடிவிட்டது என்று நினைத்து அதே சோதனையை மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அப்படியே. எங்கள் பேராசிரியர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பிழை இல்லை, அதோட கையெழுத்து" என்றார். சர்க்கரை உடையும்போது அதன் இரண்டு கார்பன் மட்டும் அறுந்த முனையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பாஸ்போகிளைகோலேட் என்று பெயர். அதனால் அந்தத் துண்டு கொஞ்சம் வேகமாக இறங்குகிறது. செல்லுக்கு இது பெரிய தலைவலி. முனை சுத்தமாக இருந்தால் ஒட்டிவிடலாம், இங்கே முதலில் அந்த மிச்சத்தைச் சீவி எடுத்தாக வேண்டும். அதோடு, சுமார் பத்து வெட்டுக்கு ஒன்று இரண்டு இழையையும் சேர்த்து அறுக்கிறது. ஓர் இழையை வெட்டிய அதே மூலக்கூறு விலகிப் போகாமல் திரும்பி எதிர் இழையையும் வெட்டிவிடும். செல்லைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரட்டை வெட்டுதான்.

அப்படியானால் நல்ல செல் எப்படிப் பிழைக்கிறது? வெட்டின பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது பதில். நல்ல செல்கள் பல பிரியாமல் சும்மா இருப்பவை, வெட்டைச் சரி செய்ய அவகாசம் உண்டு. பிரியத் தயாராகிக்கொண்டிருக்கும் செல் மேல்தான் பிளியோமைசின் அதிகம் வேலை செய்யும். பிளியோமைசின் ஹைட்ரோலேஸ் என்று ஓர் என்சைம் பெரும்பாலான உறுப்புகளில் இருக்கிறது, அது மருந்தின் தலையில் ஒரு சின்ன இடத்தை மாற்றி அதைச் செயலிழக்க வைத்துவிடும். உங்கள் தம்பிக்கு வந்திருக்கும் ஜெர்ம் செல் கட்டிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. டி.என்.ஏ. சேதத்தை, முக்கியமாகச் சிஸ்பிளாட்டின் செய்யும் சேதத்தை, அது சரியாகப் பழுதுபார்க்காது. சேதம் என்று தெரிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். 1974-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினையும் வின்பிளாஸ்டினையும் பிளியோமைசினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பரவிவிட்ட விரைப் புற்று குணமாகும் என்ற நிலை அங்கிருந்துதான் வந்தது. பின்னால் வின்பிளாஸ்டின் இருந்த இடத்துக்கு எட்டோபோசைட் வந்தது. பிளியோமைசின் எலும்பு மஜ்ஜையை அதிகம் தொடாது, அதனால்தான் மஜ்ஜையைத் தாக்கும் மற்ற மருந்துகளோடு அதைச் சேர்க்க முடிந்தது.

தம்பியின் மூன்று மருந்துக்கும் எழுத்து விருப்பம் உண்டு என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் வெட்டாது, அடுத்தடுத்த இரண்டு ஜி-யைப் பிடித்து முடிச்சுப் போடும். எட்டோபோசைட் தானாக வெட்டாது. டோப்போஐசோமரேஸ்-2 என்ற நம் சொந்த என்சைம் சிக்கலெடுக்க டி.என்.ஏ.வை வெட்டித் திரும்ப ஒட்டும் வேலையைத் தினமும் செய்கிறது. வெட்டித் திறந்திருக்கும் நேரத்தில் எட்டோபோசைட் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு ஒட்டவிடாமல் செய்யும். வெட்டுக்கு முந்தின எழுத்து சி-யாக இருந்தால் அதற்குப் பிடிக்கும். அதே என்சைமைத் தடுக்கும் டாக்ஸோரூபிசினுக்கு அந்த இடத்தில் ஏ வேண்டும். ஒரே டி.என்.ஏ., ஒரே என்சைம், மருந்து மாறினால் ஏணியே மாறிப்போகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது சலித்ததே இல்லை.


ஈஸ்ட்_மாணவி:

ஜெல்காரர் ஐயா, உங்கள் பதிவை எங்கள் லேப் குழுவில் பகிர்ந்துவிட்டேன். நான் பி.எச்டி. மூன்றாம் ஆண்டு. எங்கள் ஈஸ்ட் தட்டுகளில் போடும் ஜியோசின் என்ற மருந்து பிளியோமைசினுக்கு நெருங்கிய சொந்தம். குப்பியில் நீலமாக இருக்கும், காரணம் அதில் பிடித்து வைத்திருக்கும் செம்பு. ஜப்பானில் ஹமாவோ உமேசவா 1966-ல் வெளியிட்ட பிளியோமைசினும் முதலில் செம்போடு சேர்ந்த நீலப் பொருளாகத்தான் கிடைத்தது. ஃபுகுவோக்கா பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்து மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா செய்த பொருள். டீச்சரின் கேள்வியை அந்தப் பாக்டீரியாவிடமும் கேட்கலாம், அதன் டி.என்.ஏ.விலும் ஜி-டி இருக்கிறதே! அது தன் எழுத்துகளை மாற்றிக்கொள்ளவில்லை. மருந்தைக் கவ்விப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தையும், மருந்தின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிக் கெடுக்கும் ஓர் என்சைமையும் வைத்திருக்கிறது. ஐயா சொன்ன மாதிரி, தப்பிக்கும் வழி எழுத்தில் இல்லை.

இப்போது ஜெல்லில் இருநூறு எழுத்து பார்ப்பதற்குப் பதிலாக மொத்த ஜீனோமையும் பார்க்கிறார்கள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் மர்ரே குழு பல வருடங்களாக இதையே செய்திருக்கிறது. வெறும் ஜி-டி என்று நிறுத்தாமல் டி-ஜி-டி-ஏ என்று அக்கம்பக்கத்து எழுத்துகளும் சேர்ந்தால் வெட்டு அதிகம் என்று காட்டினார்கள். ஐயாவின் ஃபிலிமில் ஒரு ஜி-டி கறுப்பாகவும் இன்னொன்று நிழலாகவும் இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். குரோமோசோம் முனையில் ஜி-ஜி-ஜி-டி-டி-ஏ என்று திரும்பத் திரும்ப வரும் டெலோமியரிலும் அது நன்றாக வெட்டுகிறது. செல்லுக்குள் டி.என்.ஏ. புரத உருளைகளில் சுற்றிக் கிடப்பதால், உருளைகளுக்கு நடுவில் திறந்திருக்கும் பகுதிதான் அதிகம் அடி வாங்கும். டீச்சர் போட்ட 8-க்கு ஒன்று கணக்கில் பெரும்பகுதி இப்படி மூடியே கிடக்கிறது.

எழுத்து விருப்பம் வேறு, குறி வேறு என்பதற்கு இன்னொரு சாட்சி கலிக்கியமைசின். டெக்சஸ் மாநிலத்துச் சுண்ணாம்பு மண்ணில் கிடைத்த பாக்டீரியா செய்வது. டி-சி-சி-டி போன்ற நாலு எழுத்து வரிசைகளைப் பிடித்து இரண்டு இழையையும் ஒரே நேரத்தில் வெட்டும். பிளியோமைசினைவிடத் தேர்ந்தெடுத்து வெட்டுகிறது. ஆனாலும் தனியாக உடம்பில் செலுத்த முடியாது, அவ்வளவு நஞ்சு. ரத்தப் புற்று செல்லின் வெளியே இருக்கும் சி.டி.33 புரதத்தைத் தேடிப் போகும் ஆன்டிபாடியோடு கட்டி அனுப்பின பிறகுதான் மருந்தானது. ஜெம்டுசுமாப் ஓசோகாமைசின் என்று 2000-ல் அனுமதி கிடைத்தது, 2010-ல் திரும்பப் பெற்றார்கள், அளவையும் கொடுக்கும் முறையையும் மாற்றி 2017-ல் மறுபடி வந்தது. வழி காட்டுவது ஆன்டிபாடி, எழுத்தைப் பிடிப்பது மருந்து.


முல்லை டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஜெல்காரர் ஐயா, உங்கள் பதிலைத் தம்பிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பஸ் கம்பி வந்த இடத்தில் "அப்ப அது என்னைக் குறி வச்சு வரல" என்றான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன்.

படித்ததில் ஒரு வார்த்தை மட்டும் உறுத்துகிறது. ஹைட்ரோலேஸ் என்சைம் 'பெரும்பாலான' உறுப்புகளில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா உறுப்பிலும் என்று எழுதவில்லை. எதில் இல்லை? ஒவ்வொரு தடவையும் அவனை நுரையீரல் சோதனைக்கு ஊதச் சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?


டே கேர் சிஸ்டர்:

உண்டு டீச்சர். நான் கீமோ டே கேரில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். ஜெல் எனக்குத் தெரியாது, ஆனால் இந்த மருந்தை ஏற்றின கைகள் என்னுடையவை. அந்த என்சைம் மிகக் குறைவாக இருக்கும் இரண்டு இடங்கள் நுரையீரலும் தோலும். பிளியோமைசின் தொல்லை கொடுப்பதும் அந்த இரண்டு இடத்தில்தான்.

தோலில் சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாகக் கறுப்பு விழும். முதுகிலும் தோளிலும் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு பையனின் அம்மா அழுதுவிட்டார். தம்பிக்கு அரிப்பு வந்தால் சொறிய விடாதீர்கள், எங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

நுரையீரல் விஷயத்தில் அளவுதான் முக்கியம். பி.இ.பி.யில் வாரம் 30 யூனிட் என்றால் ஒரு சுற்றுக்கு 90, மூன்று சுற்றுக்கு 270. நாலு சுற்று கொடுத்தால் 360. மொத்தம் 400 யூனிட்டைத் தாண்டினால் நுரையீரல் தழும்பாகும் ஆபத்து வேகமாக ஏறும் என்பதால் அதற்குள் நிறுத்துவார்கள். அதற்குக் குறைவாக இருக்கும்போதும் சிலருக்கு வரலாம் என்பதால்தான் அந்த ஊதும் சோதனை. இந்த மருந்தில் பெரும்பகுதி சிறுநீரில் போகும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தால் பிளியோமைசின் உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்க்காமல் சின்ன ஊசி போட மாட்டோம் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். ரிப்போர்ட் வரத் தாமதமானால் எங்கள் மேல் கோபப்படாதீர்கள்.

ராத்திரிக் காய்ச்சல் இந்த மருந்துக்குச் சகஜம், பெரும்பாலும் மறுநாளுக்குள் விட்டுவிடும். ஆனால் கீமோ நடக்கும்போது வரும் எந்தக் காய்ச்சலையும் இது ஊசிக் காய்ச்சல்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்றாக இருந்தால் ஒரு ராத்திரி தள்ளுவதே ஆபத்து. எந்த நேரமானாலும் ஃபோன் செய்யுங்கள்.

வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. போன வாரம் ஏறின மாடியை இந்த வாரமும் அதே மாதிரி ஏற முடியுதா? வறட்டு இருமல் இருக்கா? இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி தள்ளிப்போய்விடுமோ என்று மறைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மறைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆனாலும், எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் 'நான் பிளியோமைசின் எடுத்தவன்' என்று சொல்ல வேண்டும். அதிக ஆக்சிஜன் கொடுத்தால் அந்த நுரையீரலுக்கு ஆகாமல் போகலாம். எவ்வளவு ஆபத்து என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு அளவோடு கொடுப்பார்கள். எங்களிடம் சிகிச்சை முடித்த ஒருவர் வேறு ஓர் இடத்தில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்தபோது யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கடைசி ஊசி அன்று ஒரு சின்ன அட்டையில் மருந்தின் பெயரையும் மொத்த யூனிட்டையும் எழுதி ஒவ்வொருவர் பர்சிலும் நானே வைத்து அனுப்புகிறேன்.


பழைய ஜெல்காரர்:

சிஸ்டர் சொன்ன அட்டையை எல்லா இடத்திலும் கொடுக்க வேண்டும். டீச்சர், அந்த 'பெரும்பாலான' என்ற வார்த்தையை நீங்கள் பிடித்த விதம்! நான் வேண்டுமென்றே மறைக்கவில்லை, ஆனால் நுரையீரலைப் பற்றி நானே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கும் வீட்டில் இது நடந்தது. என் அக்கா மகனுக்கு 2018-ல் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று. அதற்குக் கொடுக்கும் ஏ.பி.வி.டி. என்ற நாலு மருந்துக் கூட்டிலும் பி என்பது பிளியோமைசின். ஏழு வருடம் கையில் வைத்துப் பழகின பொருள் நம் வீட்டுப் பிள்ளையின் ரத்தத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு சுற்று முடிந்து பெட் ஸ்கேன் சுத்தமாக வந்ததும் டாக்டர் பி-யை மட்டும் எடுத்துவிட்டார். 2016-ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருந்தது. இடைக்கால ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் பிளியோமைசினைத் தொடர்ந்தவர்களில் 85.7 சதவீதம் பேருக்கும், நிறுத்தினவர்களில் 84.4 சதவீதம் பேருக்கும் மூன்று வருடம் நோய் தலைதூக்கவில்லை. நிறுத்தினவர்களுக்கு நுரையீரல் தொல்லை குறைவு. தம்பியின் நோய் வேறு, அவருக்கு என்ன கணக்கு என்பதை அவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சோதனையில் நுரையீரல் தளர்ந்தால் பிளியோமைசினை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு போகும் வழியும், இஃபாஸ்ஃபமைடை மாற்றாகச் சேர்க்கும் வழியும் ஜெர்ம் செல் கட்டிக்கு உண்டு. ஆகவே மூச்சு வாங்கினால் மறைக்க ஒரு காரணமும் இல்லை. சிஸ்டர் சொன்னதையே நானும் சொல்கிறேன்.

அந்த முதல் ஃபிலிம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், உங்கள் வகுப்புக்கும் ஆகும். படிக்கும் முறை இது. இடமிருந்து முதல் நாலு வரிசையும் மாக்ஸம்-கில்பர்ட்: முதல் வரிசை ஜி, இரண்டாவது ஏ-யும் ஜி-யும், மூன்றாவது சி-யும் டி-யும், நாலாவது சி மட்டும். ஐந்தாவது வரிசை மருந்து போடாத டி.என்.ஏ., அதில் மேலே ஒரே ஒரு தடித்த கோடுதான் இருக்கும். ஆறிலிருந்து எட்டு வரை பிளியோமைசின், அளவு கூடக் கூட. கீழிருந்து மேலே படியுங்கள். ஏழாவது வரிசையில் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு மற்ற எல்லாவற்றையும்விடக் கறுப்பாக இருக்கும், பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அது எந்த எழுத்து, அதற்கு முந்தின எழுத்து என்ன என்று முதல் நாலு வரிசையை வைத்துத் தம்பியையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.